எலுமிச்சம்பழத்தில் நின்ற கார்

மனிதர்களின் முகம் எனக்கு நினைவில் நிற்காது. கார்களின் முகம் மறக்கவே மறக்காது. கல்யாண வீட்டில் யாராவது தோளில் தட்டி, "என்னையத் தெரியுதா?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். அவர் எந்த வண்டியில் வந்தவர் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால் போதும், மாமா முறையா மச்சான் முறையா என்பது வரை ஞாபகம் வந்துவிடும். இது ஏதாவது வியாதியா என்று என் மனைவி ஒரு டாக்டரிடமே கேட்டிருக்கிறாள். (அந்த டாக்டர் வீட்டில் பழைய ஃபோக்ஸ்வேகன் ஒன்று நிற்கிறது. ஆகவே தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது.)

வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்துக் காம்பரா லயத்தில் (பத்து அறைகள் ஒரே வரிசையில் ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு) பிறந்தவன் நான். எங்கள் வாசலுக்கு எதிரே வளைந்து போகும் ரோட்டில் துரையின் ஜீப் வந்தால் நடந்து போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி, தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். நானும் இறங்குவேன். மற்றவர்கள் தலையைக் குனிவார்கள்; நான் டயரைப் பார்ப்பேன். பெரிய கிளாக்கரின் ஒஸ்டின், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக வாடகைக்கு வரும் ஹில்மன், பாதிரியாரின் மொரிஸ் மைனர் என்று ஒவ்வொன்றும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால்தான் வாய் வராது.

வளர்ந்த பிறகு வேலையும் அதற்கேற்றபடியே அமைந்தது. வாகன இன்சூரன்ஸ். மலைநாட்டில் யாருடைய வண்டியாவது பள்ளத்தில் இறங்கினால், ஹட்டனிலிருந்து கேமராவோடு நான் போவேன். போனதும் முதல் வேலையாகக் கையை உயர்த்தி, "போட்டோ எடுக்கும் வரைக்கும் யாரும் வண்டிய அசைக்காதீங்க" என்று அதிகாரமாகச் சொல்வேன். பக்கத்தில் வண்டிக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். அவன் மேல் எனக்கு இரக்கம் வந்ததே இல்லை. வண்டியை ஒழுங்காக நிறுத்தத் தெரியாதவன் எதற்கு வண்டி ஓட்டுகிறான் என்றுதான் நினைப்பேன். கடவுள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா காலமாகிவிட்டதால் எல்லாம் அம்மா பொறுப்பு. தரகர் ஒரு போட்டோ கொண்டுவந்து கொடுத்தார். பெண்ணுக்குப் பின்னால் வெள்ளை நிறத்தில் ஓர் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் நின்றது.

"யாரு காரு இது?" என்று கேட்டேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "முன்னால நிக்கிறது யாருன்னு கேளுடா மொதல்ல!"

பிறகுதான் முன்னால் பார்த்தேன். சுகந்தி. பூண்டுலோயாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று அடக்கிக்கொண்டவள் போல உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு. மூன்றாம் தடவை போட்டோவை எடுத்தபோது கார் எனக்குக் கண்ணில் படவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி நடந்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போன மறு நிமிஷமே, இவள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் பிடித்துக்கொண்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பெண்ணின் அப்பா பென்ஷன் வாங்கிய கண்டாக்கு. (தோட்டத்தில் மலைக்கு மலை போய் வேலை வாங்கும் உத்தியோகத்தர்.) அதோடு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். ஊரே அவரைக் கண்டாக்கையா என்றுதான் கூப்பிடும். அவர் சம்மதித்தாலும், கடைசி வார்த்தை மகளுடையதுதான் என்றார் தரகர். இதற்கு முன் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவள் தட்டிக்கழித்துவிட்டாளாம். காரணம் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் எல்லாரும் வேனில் வந்திருப்பார்கள்.

ஆகவே நான் கிளாசிக் காரில் போய் இறங்குவது என்று முடிவு செய்தேன். கோட்டு ஒன்றும் தைத்தேன். ஊர் எது என்று கேட்டால் ஹட்டன் டவுன் என்று சொல்வதாகவும் தீர்மானித்தேன்.

"நாம லயத்து ஆளுங்கன்னு சொல்ல வெக்கமாடா ஒனக்கு?" என்று கேட்டார் அம்மா.

"வெக்கம் இல்லம்மா. கேட்டாத்தானே சொல்லணும்."

"அவங்கதான் கேப்பாங்களே."

நான் கோட்டைத் தூசி தட்டினேன்.

கார் என்றால் எனக்குத் தெரிந்து ஒரே கார்தான். வட்டவளையில் ஜோசப் மாஸ்டரின் கரும்பச்சை மொரிஸ் மைனர். அவர் ஓய்வுபெற்ற இங்கிலிஷ் வாத்தியார், மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். காருக்கு மனைவியின் பழைய சேலையைத்தான் போர்த்தி வைத்திருப்பார். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் அந்தக் காரைக் கழுவித் துடைப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. (சினிமாவுக்குப் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பார் அம்மா.) அதுவரை ஓட்டக் கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் வெகுநேரம் காரையே பார்த்தார். பிறகு சாவியை எடுத்து வந்தார்.

"கேளு தம்பி. கால் பிரேக் சோக்கா பிடிக்கும். ஹேண்ட் பிரேக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அப்புறம் மறந்துடும். எனக்கு வயசான மாதிரி அதுக்கும் வயசாச்சு. அதனால எங்க நிப்பாட்டினாலும் கியர்ல விடு, டிக்கியில ஒரு கட்டை இருக்கு, அத டயருக்கு முட்டுக் குடு. கட்டைய மறந்தாலும் கியர மறக்காத. கியர மறந்தாலும் கட்டைய மறக்காத."

எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் புறப்பட்டோம். அம்மா நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏற விட்டார். மிச்சம் இருந்த பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் உட்காரச் சொன்னால், "முன்னால உக்காந்தா வழியெல்லாம் தெரியும், பயமா இருக்கும்" என்றார். ஹட்டன் தாண்டி, தலவாக்கலை தாண்டிப் போனபோது ரோட்டோரத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். நான் லேசாகத் தலையசைத்தேன். சின்ன வயதில் கானுக்குள் நின்று பார்த்த சொர்க்கத்துக்குள் அன்றைக்கு நான் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தேன். உண்மையாகவே கண் கலங்கியது. இதற்கு மேல் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

கண்டாக்கையாவின் வீடு ஒரு சரிவான ரோட்டின் ஓரத்தில் இருந்தது. ரோடு கீழே போய் வளையும் இடத்தில் தேயிலை மலை செங்குத்தாக இறங்கியது. அடிவாரத்தில் ஆறு. நான் வாசலில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டிக்கியைத் திறந்து கட்டையை எடுத்து முன் டயருக்கு முட்டுக் கொடுத்தேன். கியரில் விடவில்லை. கோட்டு கசங்காமல் இறங்குவதிலேயே முழுக் கவனமும் இருந்தது. கட்டைதான் இருக்கிறதே என்ற தைரியம் வேறு. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, கூந்தல் வாரிக்கொள்ளும் புதுப்பெண்ணைப் போல ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் தாமதமாகவே வந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை.

கண்டாக்கையா உயரமான மனிதர். வீட்டுக்குள் பேசினாலும் அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"தம்பிக்கு ஊரு எது?"

"ஹட்டன் டவுன் பக்கம்ங்க."

அம்மாவுக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு சுகந்தி தேத்தண்ணியும் முறுக்கும் கொண்டுவந்தாள். போட்டோவில் பார்த்த அதே உதட்டோரச் சிரிப்பு.

"ரெண்டு பேரும் பேசிக்கிங்க. எங்க புள்ள பேசாம ஒண்ணும் சொல்லாது" என்று கண்டாக்கையா எல்லாரையும் பின்பக்கம் அழைத்துப் போனார். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கு எதிரே, ஜன்னலைப் பார்த்தபடி.

"காருன்னா உங்களுக்கு ரொம்ப இஷ்டமாமே?" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்டுவிட்டாள். நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தேன். கார்பரேட்டரிலிருந்து தொடங்கினேன். குளிர் காலையில் எஞ்சினை எப்படிச் சமாதானப்படுத்த வேண்டும் என்று சொன்னேன். இந்தக் காலத்துக் கார்களுக்கு முகமே கிடையாது என்று வருத்தப்பட்டேன். கடைசியில், நினைத்தால் இன்றைக்கும் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும் அந்த வசனத்தைச் சொன்னேன்.

"பழைய காரை எல்லாருக்கும் ஓட்ட வராதுங்க. அதுக்கும் நமக்கும் ஒரு மனப்பொருத்தம் வேணும். இந்தக் கார் நான் சொன்னாத்தான் போகும். நான் சொன்னாத்தான் நிக்கும்."

அவள் என் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தாள். உதட்டோரச் சிரிப்பு மறைந்தது. பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"இப்ப அது நீங்க சொல்லிப் போகுதா, சொல்லாமப் போகுதா?"

திரும்பிப் பார்த்தேன். மொரிஸ் மைனர் எந்த அவசரமும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற ஆளைப் போல, ரோட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

வெறும் காலுறையோடு ஓடினேன். கையில் முறுக்கு. பின்பக்க பம்பரைப் பிடித்து இழுத்தேன். (ஒரு டன் இரும்பை ஒரு கையால், மறு கையில் முறுக்கோடு.) கார் என்னையும் சேர்த்துக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய், இனி நீ வேண்டாம் என்று உதறிவிட்டு, வளைவில் வளையாமல் நேராகத் தேயிலைக்குள் இறங்கியது. 'சரசர'வென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. அந்த அமைதிக்குப் பிறகு ஹோர்ன் அடிக்க ஆரம்பித்தது. எந்த ஒயர் எங்கே உரசியதோ, நிற்காமல் அடித்தது. மலை முழுக்கக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவில் படுத்திருந்த தோட்டம் மொத்தமும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி எழுந்து வந்துவிட்டது.

நல்லவேளை, கீழே யாரும் இல்லை. காருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த தேயிலைச் செடிகள் அதை அப்படியே ஏந்திக்கொண்டிருந்தன. நான்கு டயரும் தரையில் படாமல், மூக்கு ஆற்றைப் பார்த்தபடி, மெத்தையில் படுத்திருப்பதுபோல் கிடந்தது.

வாசலுக்குத் திரும்பி ஏறி வந்து பார்த்தேன். டயர் நின்ற இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிச் சப்பையாகக் கிடந்தது. கட்டை, சேறு துடைக்கப்பட்டு, சுவரோரமாக அழகாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

"நாந்தான்டா எடுத்து வச்சேன்" என்றார் அம்மா. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல, வண்டிக்கு முன்னால சேத்துக் கட்டையப் போட்டு வைப்பாங்களா? அத்தன பேரு வண்டியவே பாக்குறாங்க. கண்ணு பட்டுரும்னு எலுமிச்சம்பழம் வச்சேன்."

"எலுமிச்சம்பழம் காரைத் தாங்குமாம்மா?"

"இவ்வளவு நேரம் தாங்குச்சுல்ல?"

கூட்டத்தில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஐயா இன்சூரன்ஸ்காரர்தானே? போன மழைக்கு எங்க லொறி கவுந்தப்ப நீங்கதானே வந்தீங்க?" பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி, "போட்டோ எடுக்கும் வரைக்கும் யாரும் வண்டிய அசைக்காதீங்கப்பா!" என்றார். உடனே எல்லாருடைய போனும் வெளியே வந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

கண்டாக்கையா காரைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்தார். "அடுத்த மாசம் இந்த மலையக் கவ்வாத்து வெட்ட இருந்தாங்க. வெட்டியிருந்தா மொட்டைக் குச்சிதான் நிக்கும். வண்டி ஆத்துல" என்றார். தோட்டத்து டிரக்டரைக் கேட்டார்கள். டிரக்டர் இருந்தது. டிரைவர், சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானுஓயாவில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். கயிறு கட்டி ஆள் பலத்தில்தான் இழுக்க வேண்டும். மாட்டுக் கயிறு ஒன்று கொண்டுவந்தார்கள், அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது.

"தேர் வடம் இருக்குதுங்களே" என்றார் ஒருவர் தயங்கித் தயங்கி.

எல்லாரும் கண்டாக்கையாவைப் பார்த்தார்கள். அவர் முகம் கடுத்தது. "அது மாரியம்மாவுக்குப் போட்ட வடம். திருவிழாவுக்கு அம்மா ஏறினாத்தான் அதத் தொடணும். வெறும் வண்டிய அதுல கட்ட நான் விட மாட்டேன்."

நியாயம்தான். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஹோர்ன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. யாரோ ஒயரைப் பிடுங்கியதும் அதுவும் நின்றது. கண்டாக்கையா சரிவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மழை இருட்டிக்கொண்டு வந்தது. என்னையும் பார்த்தார். பிறகு அந்த மலைக்குரலில் சொன்னார்.

"அப்ப அம்மாவ ஏத்துங்க."

கோயிலிலிருந்து மாரியம்மன் படத்தை மாலையோடு கொண்டுவந்தார்கள். தேயிலைக்குள் கயிறு பிடித்து இறங்கி, மொரிஸ் மைனரின் முன் சீட்டில், ஜெபமாலைக்கு நேர் கீழே, பட்டுத்துண்டு விரித்து வைத்தார்கள். வடத்தைப் பின் அச்சில் கட்டினார்கள். ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தேன்.

"தம்பி!" என்றார் கண்டாக்கையா. "அம்மா பக்கத்துல சட்ட போட்டுக்கிட்டா உக்காருவீங்க?"

தேரில் அம்மனோடு ஏறுகிறவர் பூசாரியைப் போல வெற்று மேலோடு, வேட்டியோடுதான் இருக்க வேண்டும். கோட்டு போனது. டை போனது. சட்டை போனது. கடைசியாக, ஓட்டை விழுந்த பனியனும் ஊர் பார்க்கக் கழன்றது. வருங்கால மாமனாரின் வேட்டியைக் கட்டிவிட்டு, உடம்பெல்லாம் திருநீறு பூசினார்கள். பூண்டுலோயாக் குளிர் எலும்பைத் தொட்டது. ரோட்டு ஓரத்தில் சுகந்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே வயிற்றை எக்கிப் பிடித்தேன். அதுவும் அந்த ஹேண்ட் பிரேக் மாதிரிதான். கொஞ்ச நேரம் பிடித்தது, அப்புறம் மறந்துவிட்டது.

தப்பு மேளம் முழங்கியது. "ஓம் சக்தி!" என்று ஒரு பக்கம், "பராசக்தி!" என்று மறு பக்கம். பெண்கள் குலவையிட்டார்கள். கீழே நின்றவர்கள் தோள் கொடுத்துத் தூக்க, மேலே நின்றவர்கள் இழுக்க, கார் பின்பக்கமாகத் தேயிலைக்குள்ளிருந்து எழும்பி ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நன்றி சொல்லி, இறங்குவதற்காகக் கதவைத் திறந்தேன்.

வெளியிலிருந்து கண்டாக்கையா கதவைச் சாத்தினார்.

"அம்மா ஏறி வடம் தொட்டாச்சு தம்பி. தேர் கெளம்பினா நிலைக்கு வராம யாரும் எறங்கக் கூடாது."

"நிலை எங்கங்க?"

"கோயில்லதான்."

கோயில் எதிரேதான் தெரிந்தது. அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் தேர் நேராகக் கோயிலுக்குப் போகாதாம். லயம் லயமாகச் சுற்றி, எல்லார் வாசலிலும் நின்று, தேங்காய் உடைத்துத்தான் போகுமாம். "எஞ்சின ஸ்டார்ட் பண்ணிக்கிறேங்க, சீக்கிரம் சுத்திரலாம்" என்றேன். அவர் பார்த்த பார்வையில் சாவியைப் பிடித்த கையை எடுத்துவிட்டேன். வடத்தை முன்பக்கம் மாற்றிக் கட்டினார்கள்.

அப்படியாக, சித்திரை மாதத்துத் திருவிழா அந்தத் தோட்டத்தில் அந்த வருடம் இரண்டாம் முறை நடந்தது. தேருக்குப் பதில் மொரிஸ் மைனர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வாசலுக்கு வாசல் கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் முன்னால், பெட்ரோல் டேங்க் பின்னால், நடுவில் நான். மஞ்சள் தண்ணீரை டயருக்கு ஊற்றினார்கள். பாதி என் மேல் விழுந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார்கள். திருநீறு கேட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் என் மேலிருந்ததையே தொட்டுப் பூசினேன்.

நிற்கும்போதெல்லாம் இரண்டு பேர் ஓடிவந்து டயருக்குக் கட்டை போட்டார்கள். பெரிய தேர் முட்டுக்கட்டை. இறக்கத்தில் ஒன்று, ஏற்றத்தில் ஒன்று. பக்கத்திலேயே என் கோட்டைச் சுமந்துகொண்டு நடந்துவந்த அம்மா இதைக் கவனித்துவிட்டு, ஜன்னல் வழியாக மெதுவாகக் கேட்டார்: "சாமி தேருக்கே கட்டை போடுறாங்களாடா?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் பல் தந்தியடித்தது.

கோட்டுக்குள் என் போன் அடித்தது. அம்மா எடுத்தார். ஜோசப் மாஸ்டர். யாரோ வட்ஸ்அப்பில் போட்ட வீடியோ வட்டவளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "சார், அவன் அம்மனோட இருக்கான். எறங்குனதும் பேசச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். மேட்டு லயத்துக்கு வந்தபோதுதான் அது நடந்தது. ஆரத்தித் தட்டோடு வந்த ஓர் அம்மா, தட்டைக் கீழே வைத்துவிட்டு என் அம்மாவைப் பார்த்துக் கூவினார்.

"ஏ ராசம்மா! வட்டவளை ராசம்மாதானே நீயி? பத்துக் காம்பரா லயம்! நானும் நீயும் ஒரே நெரையில கொழுந்து எடுத்தோமேடி!"

"அடியே பாக்கியம்!" என்று என் அம்மா அதைவிடச் சத்தமாகக் கூவிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டார். வருடக்கணக்காக அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தப்பு மேளம்கூட ஒரு நிமிஷம் நின்றது. வடத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த கண்டாக்கையா திரும்பி, என் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கார் போனது, கோட்டு போனது, இப்போது ஹட்டன் டவுனும் போனது. அவளும் போய்விட்டாள். குளிர் ஒரு பக்கம், உள்ளே ஏதோ உடைந்தது ஒரு பக்கம். அந்த லயத்து வாசல்களைப் பார்த்தேன். எங்கள் வாசல் மாதிரியே இருந்தன. அதே தகரம், அதே வாளி, அதே கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை. இதை மறைக்க எதற்கு ஒரு கார் என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

கோயில் வாசலில் கார் நிலைக்கு வந்தது. கட்டை போட்டார்கள். அம்மனை இறக்கினார்கள். பிறகுதான் என்னை இறக்கினார்கள். கால் மரத்துப்போய் நேராக நிற்க வரவில்லை. அங்கே ஒரு த்ரீவீலரிலிருந்து ஜோசப் மாஸ்டர் இறங்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய், "சார்... மன்னிச்சிருங்க சார்... கியர்ல விடல சார்" என்று உளறினேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. மாலையும் மஞ்சளும் திருநீறுமாக நின்ற தன் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷத்துல இதுக்கு யாரும் ஒரு மாலை போட்டதில்லடா" என்றார். மூக்கை உறிஞ்சினார். குளிருக்கா என்று தெரியவில்லை.

கண்டாக்கையா என் பக்கம் வந்தார்.

"தம்பி, ஊரு ஹட்டன் டவுன்னு சொன்னீங்க."

"இல்லைங்க. வட்டவளை. லயந்தாங்க."

"ம்." அவர் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் கடைசிக் காம்பரா தெரியுதா? நான் பொறந்தது அங்கதான். இப்பத்தான் நீங்க அதுக்கு முன்னால தேர்ல வந்தீங்க." பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்ற?"

ஊரே நின்றது. வடத்தில் கை வைத்து இழுத்ததில் சுகந்தியின் உள்ளங்கை சிவந்திருந்தது. அவளும் இழுத்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவருக்கு மொதல்ல ஒரு சட்ட குடுங்கப்பா" என்றாள். "காய்ச்சல் கீச்சல் வந்தா அப்புறம் நான்தானே பாக்கணும்."

குலவை கிளம்பியது. எனக்கு விஷயம் விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. (குளிரில் காது சரியாக வேலை செய்யவில்லை என்று இன்றுவரை சமாளித்து வருகிறேன்.)

முன்பு வந்த மாப்பிள்ளைகளை ஏன் வேண்டாமென்றாள் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் சொன்னாள். "எல்லாரும் லயத்துப் பக்கம் வந்ததும் மூக்கப் பொத்திக்கிட்டு நடந்தாங்க. நீங்க ஒரு வாசல்லகூட மூஞ்சியச் சுளிக்கல." உண்மையில் என் முகம் விறைத்துப்போயிருந்தது. சுளிக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. அவளிடம் இதைச் சொல்லிவிட்டேன். "தெரியும். ஒதடே நீலமாயிருந்துச்சு" என்றாள்.

ஒரு காரியத்தை ஒரு தடவை கோயிலில் செய்துவிட்டால், அதை நிறுத்த யாராலும் முடியாது. அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குப் போனபோது தேர் தயாராக நின்றது, வடமும் கட்டியாகிவிட்டது, ஆனால் ஒருவரும் இழுக்கவில்லை. "முன்னால போற காரு எங்க?" என்று கேட்டார்கள். ஜோசப் மாஸ்டருக்குப் போன் போட்டு, அவர் வந்து சேரும் வரை அம்மன் காத்திருந்தாள். அன்றிலிருந்து வருடா வருடம் தேருக்கு முன்னால் மொரிஸ் மைனர் போகிறது. வடம் கட்டித்தான். எஞ்சின் போடக் கூடாது. ஸ்டியரிங்கில் நான்தான். சட்டை கிடையாது. அம்மன் கனவில் வந்து பச்சைக் கார் கேட்டாளாம் என்று சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது கதை சொல்லிக் கொடுக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

மாஸ்டருக்குக் கண் மங்கியபோது காரை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், போர்த்தியிருந்த சேலையோடு. என் கனவுக் கார் எனக்கே கிடைத்துவிட்டது. என் மகளிடம் பள்ளிக்கூடத்தில், "உங்க வீட்டுல காரு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இருக்கு டீச்சர், ஆனா சாமி ஏறினாத்தான் போகும்" என்றிருக்கிறாள்.

அந்தக் கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பால் பொங்கி வழிந்தாலும், மகள் மதிலேறி ஓடினாலும், நான் ஏதாவது வீராப்புப் பேசினாலும், சுகந்தி உதட்டோரத்தில் சிரித்துக்கொண்டு கேட்பாள்: "இது நீங்க சொல்லிப் போகுதா, சொல்லாமப் போகுதா?"

இந்த வருடத் திருவிழாவுக்கும் காரைக் கொண்டுபோய் அதே சரிவில், அதே வாசலில் நிறுத்தினேன். கியரில்தான் விட்டேன். அம்மா இப்போது மெதுவாகத்தான் நடக்கிறார். இருந்தாலும் விடாமல் வந்து, குனிந்து, முன் டயருக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். கும்பிட்டார். அவர் திரும்பி உள்ளே போகும் வரை சுகந்தி பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு டிக்கியைத் திறந்து, கட்டையை எடுத்து வந்து, பழம் நசுங்காமல் அதற்குப் பக்கத்தில் டயரோடு சேர்த்துத் தட்டி வைத்தாள்.